வினிகர் வாடை

என் வீட்டுக்குள் வந்து மூக்கைச் சுளிக்கிறவர்களை எனக்கு ஆகவே ஆகாது. அதில் முதல் ஆள் என் கூடப்பிறந்த அக்கா.

செஞ்சியில் எங்கள் தெரு போர்த் தண்ணீர் அத்தனை உப்பு. குழாய், பக்கெட், பாத்ரூம் டைல்ஸ் என்று எல்லாவற்றிலும் வெள்ளை வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். ஆசிட் ஊற்றிக் கழுவிக் கழுவி எனக்கு விரல் தோல் உரிந்ததும் இருமல் பிடித்ததும்தான் மிச்சம். அப்புறம்தான் போனில் ஒரு வீடியோ பார்த்துவிட்டு வெள்ளை வினிகர் வாங்கி வந்தேன். பழைய துணியை அதில் நனைத்துக் குழாயைச் சுற்றி வைத்து, கொஞ்ச நேரம் கழித்துத் தேய்த்தால் உப்பு பொருக்கு பொருக்காக உதிர்ந்தது. வாடைதான் சகிக்காது. ஒரே புளித்த வாடை. ஜன்னலைத் திறந்து வைத்தால் போய்விடும். ஆனால் எங்கள் தெருவில் ஜன்னலைத் திறந்தால் கோட்டைக் குரங்குகள் உள்ளே வந்து அடுப்படியைச் சூறையாடிவிடும்.

அன்றைக்குக் காலையில் கரண்ட் வேறு இல்லை. ஃபேன் ஓடாததால் வாடை வீடு முழுக்க அப்படியே நின்றது. அந்த நேரம் பார்த்து அக்கா வல்லத்திலிருந்து பஸ் பிடித்து, சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். செருப்பைக் கழற்றும்போதே அவளுக்கு மூக்கு விடைத்தது.

"இன்னாடி, மறுபடியும் ஆரம்பிச்சுட்டானா?"

என் வீட்டுக்காரருக்கு நெல் மண்டியில் மூட்டை எடை போடும் வேலை. தை மாசத்திலிருந்து அவர் குடிப்பதில்லை. வேலை முடிந்து கடைப்பக்கம் திரும்பாமல் வீடு வந்து சேர அவர் படும் பாடு எனக்குத் தெரியும். அவர் குடித்த காலத்தில் நானும் பிள்ளையும் அக்கா வீட்டில்தான் போய்க் கிடந்தோம். தின்ற சோற்றை நான் மறக்கவில்லை. அதற்காக அவள் என் வீட்டுக்குக் காவல்காரி ஆகிவிட முடியுமா?

வினிகர் என்று சொன்னேன். மூடியைத் திறந்து பாட்டிலை அவள் மூக்குக்கு நேராகவே நீட்டினேன்.

"ஓகோ. அவன் வாடை தெரியக்கூடாதுன்னு நீ இத ஊத்திக் கழுவுறியா? எத்தினி நாளா நடக்குது இது?"

வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்துவிட்டது. அரிசி டிரம், பரண், பீரோவுக்குப் பின்னால் என்று வீட்டையே தலைகீழாக்கினாள். பாத்ரூமில் ஃபிளஷ் டேங்க் மூடியைக்கூடத் தூக்கிப் பார்த்தாள். ஒரு காலத்தில் அவர் பாட்டில் ஒளித்த இடம் அது. நான்தான் அழுதுகொண்டே அவளிடம் சொல்லியிருந்தேன். இப்போது அங்கே ஒன்றும் இல்லை.

"கில்லாடிதான். எடத்த மாத்திட்டான்," என்றாள்.

மத்தியானம் அவர் சாப்பிட வந்தார். எப்போதும் "வாங்க தம்பி" என்று மரியாதையாகக் கூப்பிடுகிறவள் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை.

"எங்க, ஊது பாக்கலாம்."

திருவண்ணாமலை ரோட்டில் போலீஸ்காரர் பைக்கை மடக்கிக் கேட்பது மாதிரி கேட்டாள். தலையெல்லாம் நெல் தூசியோடு அவர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவளை விட்டுவிட்டு என்னிடம் வந்து, குனிந்து, என் முகத்துக்கு நேராக ஊதினார். டீ வாடை, கொஞ்சம் பீடி வாடை. வேறு எதுவும் இல்லை.

"டீய குடிச்சுட்டு வந்து ஊதுனா தெரியுமா?" என்றாள் அக்கா.

அவர் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அவங்க கேட்டா கேட்டுட்டுப் போறாங்க," என்றார் என்னிடம். "நான் ஊதுனப்போ நீ மூச்ச உள்ள இழுத்துப் பாத்த."

இழுத்தேன்தான். வினிகரை வாங்கியவள் நான், ஊற்றித் தேய்த்தவளும் நான். ஆனாலும் மூக்கு அதுபாட்டுக்கு வேலையைப் பார்த்துவிட்டது. வருஷக்கணக்காக வாசலிலேயே மோந்து பார்த்துத்தான் இன்றைக்கு அடி உண்டா இல்லையா என்று தெரிந்துகொள்வேன். இந்தப் பழக்கத்தை எனக்குக் கொடுத்தது யார்? அதை அவரிடம் கேட்டேன். தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்டேன். அவர் சாப்பிட உட்காராமலே பைக் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அக்கா சாப்பிட்டாள். ரசம் நல்லா இருக்குது என்றாள். அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பு என்றேன். அவன் வரட்டும், பார்த்துவிட்டுத்தான் போவேன் என்றாள். அவள் பிடரியில் கை வைத்து வெளியே தள்ள வேண்டும் போல எனக்கு ஆத்திரம் வந்தது.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு அவர் வந்தார். வாசல் கேட்டின் கொண்டியைத் தேடிப் பிடிக்கவே அவருக்கு வெகுநேரம் ஆனது. மோந்து பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

அக்கா காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"நான் காலையிலயே சொன்னேன்ல," என்றாள்.