சபினா செத்த வெள்ளிக்கிழமை

ப்ரெசிங்கின் வாய்க்குப் பயந்தே எங்கள் சரியாயா ஊர்ச் சந்தையில் பாதிப் பேர் ஒழுங்காக இருந்தார்கள். அரிசியில் கல் கிடந்தால் அரிசிக்காரன் தொலைந்தான். தட்டில் சோறு மிச்சம் வைத்தால் சாப்பிட்டவன் தொலைந்தான். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ப்ரெசென்டசியோன். அவ்வளவு நீளத்துக்கு யாருக்கும் பொறுமை இல்லை. சந்தைக்குப் பின்னால் சாப்பாட்டுக் கடை நடத்தினாள். புருஷன் கப்பலில் சமையல்காரர், எப்போதாவது வந்து முகம் காட்டுவார். ஒரே மகள் கிளாரிசெல் மனிலாவில் தகவல் தொடர்பு படித்துக்கொண்டிருந்தாள்.

இப்படி ஒரு வாய் வீணாகப் போகக்கூடாது என்று கடவுளே நினைத்தாரோ என்னவோ, தொலைக்காட்சி நாடகக்காரர்கள் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். ஊரின் பழைய மாளிகை ஒன்றில் படப்பிடிப்பு. சாப்பாடு ப்ரெசிங் கடையிலிருந்து போயிற்று. ஒரு நாள் பாத்திரம் எடுக்கப் போனவள், பாதிச் சோறோடு கிடந்த தட்டுகளைப் பார்த்துவிட்டுக் கேட்ட கேள்விகளில் படக்குழுவே வாயடைத்துப் போயிற்று. இயக்குநரும் கையில் தட்டோடு நின்று எல்லாவற்றையும் கேட்டார். தலைமை வேலைக்காரி வேஷம் போட வேண்டிய நடிகைக்கு அந்த வாரம்தான் டெங்கு வந்திருந்தது.

"எனக்கு நடிக்கல்லாம் வராதுங்க" என்றாள் ப்ரெசிங்.

"நடிக்க வேணாம்மா. இப்ப என்னைத் திட்டினீங்களே, அதே மாதிரி அந்தப் பொண்ணத் திட்டுங்க, போதும்" என்றார் இயக்குநர்.

அந்தப் பெண் என்றால் கதாநாயகி. வேலைக்காரியாக வருகிறாள், உண்மையில் அந்த வீட்டின் தொலைந்துபோன மகள். எங்கள் நாடகங்களில் ஏழைப் பெண் யாருடைய தொலைந்த மகளாகவும் இல்லாமல் இருந்தால்தான் அதிசயம். அவளை ஆட்டிப்படைக்கும் தலைமை வேலைக்காரி சபினாதான் ப்ரெசிங்.

முதல் வாரம் தெருவே தலைகால் தெரியாமல் ஆடியது. இரண்டாவது வாரம் சபினா கதாநாயகியின் கையில் கொதிக்கிற சாற்றை ஊற்றினாள். மறுநாள் மதியம் கடையின் முன்பக்கப் பெஞ்சுகள் ஈ ஓட்டின.

ஆனால் அடுக்களை ஜன்னலில் ஆள் வந்தது. முதலில் வந்தவள் மீன்காரி மிலாக்ரோஸ். கிளாரிசெல்லுக்கு ஞானத்தாய் என்பதால் அவளும் ப்ரெசிங்கும் ஒருவரையொருவர் 'மாரே' என்றுதான் கூப்பிடுவார்கள். அன்று அவள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு கிண்ணத்தை நீட்டினாள்.

"ஏ சபினா, ஒரு கிண்ணம் அடோபோக் கறி போடு. என் கையில ஊத்தித் தொலைக்காத."

"காச வச்சிட்டுப் பேசு" என்றாள் ப்ரெசிங். ஜன்னலுக்கு வெளியே சிரிப்புச் சத்தம். அதன்பின் தெருவே ஜன்னலுக்கு வந்து, முகம் திருப்பி, திட்டி, வாங்கிக்கொண்டு போயிற்று. சபினாவின் கடைப் பெஞ்சில் மானமுள்ளவன் உட்காருவானா? அதற்காகப் பட்டினி கிடக்க முடியுமா? ப்ரெசிங் வாழ்நாளில் இவ்வளவு சந்தோஷமாகச் சமைத்ததில்லை.

இந்த ஜன்னல் சங்கதி கிளாரிசெல்லுக்குத் தெரியாது. அவள் மனிலாவில் ஆய்வுக் கட்டுரையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். டிவியின் மதிய நிகழ்ச்சிகளைப் பற்றிய கட்டுரை. அதில் ஒரு தாய் தன் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லி அழுகிறாள். அரங்கமே சேர்ந்து அழுகிறது. அழுது முடித்ததும் பரிசு, உடனே ஆட்டம். இந்த ஜனங்களுக்குத் திரைக்கும் வாழ்க்கைக்கும் நடுவில் கோடு தெரியவில்லை என்பதுதான் அவள் எழுதிக்கொண்டிருந்த வாதம். கடையின் டிவிக்கு அடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்த பெண்தான். தெருவே ஒரே நேரத்தில் சிரித்து ஒரே நேரத்தில் மூக்கைச் சிந்தியதைக் கேட்டுக் கேட்டுத்தான் அவளுக்கு இந்தப் படிப்பில் ஆசையே வந்தது. அதற்கு யாருக்காவது கடமைப்பட்டிருக்கிறோம் என்பது அப்போது அவள் மண்டையில் ஏறவில்லை.

ஒரு சனிக்கிழமை மதியம் ஊருக்கு வந்தாள். காலிப் பெஞ்சுகளைப் பார்த்தாள். எதிரே வந்த மிலாக்ரோஸ் கடை வாசலைப் பார்த்துக் காறித் துப்புவதுபோல் பாவனை செய்துவிட்டுப் போனதையும் பார்த்தாள்.

"என்னம்மா இது, ஒருத்தரும் வரலியா?"

"அது அப்படித்தான். நீ சாப்பிடு."

அம்மா வேதனையை விழுங்குகிறாள் என்று மகள் முடிவுகட்டிவிட்டாள். படித்த பெண் இல்லையா, முடிவு சீக்கிரம் வந்துவிடும்.

மறுநாள் பூசை முடிந்து, கூடைப்பந்து மைதானத்தில் பிங்கோ நடந்தது. ஊரே அட்டையும் கையுமாக உட்கார்ந்திருந்தது. கிளாரிசெல் நேரே போய் மைக்கை வாங்கினாள்.

"எல்லாருக்கும் வணக்கங்க. சபினா வேற, எங்கம்மா வேற. அது வெறும் நடிப்பு. டிவியில பாக்கிறதெல்லாம் உண்மை இல்லைங்க. எங்கம்மா நல்லவங்க. தயவுசெஞ்சு புரிஞ்சுக்கோங்க."

யாரும் கை தட்டவில்லை. ஒருவர் தொண்டையைச் செருமினார். பிங்கோக்காரர் மைக்கைத் திரும்ப வாங்கி அடுத்த எண்ணைச் சொன்னார். நல்ல காரியம் செய்துவிட்ட நிறைவோடு அவள் வீட்டுக்கு வந்தாள்.

திங்கட்கிழமை அடுக்களை ஜன்னலுக்கும் ஒருவரும் வரவில்லை. செவ்வாய்க்கிழமையும் அதே கதை. சமைத்தது சமைத்தபடி இருந்தது. மிச்சச் சோற்றுக்காக ஊரையே திட்டியவள், தன் சட்டியில் மிஞ்சிய சோற்றைப் பார்த்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தாள். அந்த மௌனத்தைப் பார்த்து மகள் பயந்துபோனாள்.

"மைக்குல என்னடி பேசின?" என்றாள் ப்ரெசிங் கடைசியில்.

கிளாரிசெல் சொன்னாள்.

"இருபது வருஷமா என் கையால சாப்பிடறவங்ககிட்ட போயி, இவ நல்லவதான்னு என்னை அறிமுகம் பண்ணி வச்சிருக்க. அவங்கள முட்டாள்னு மைக் போட்டுச் சொல்லிட்டு வந்திருக்க." ப்ரெசிங் ஜன்னல் சங்கதி முழுவதையும் சொன்னாள். "விளையாட்டுடி அது. அவங்க திட்டினதுதான் எனக்குக் கைதட்டல். இப்ப பாரு, திட்டக்கூட ஆளில்ல. இவங்க வரலன்னா நான் யாருக்குடி ஆக்கிப் போடறது?"

கிளாரிசெல்லுக்கு அழுகை வந்தது. கல்லூரிக்கு விடுமுறை சொல்லிவிட்டு ஊரிலேயே தங்கினாள். மறுநாள் காலை மீன் கடைக்குப் போனாள்.

"வாங்க மேடம்" என்றாள் மிலாக்ரோஸ். மடியில் போட்டு வளர்த்த பிள்ளையை 'மேடம்' என்றால் எவ்வளவு கோபம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். "டிவியில வர்றதெல்லாம் உண்மை இல்லையாமே. நல்ல வேளை சொன்னீங்க. நாங்க பாருங்க, உள்ள குட்டி மனுஷங்க இருக்காங்கன்னு நினைச்சிட்டிருந்தோம்."

"தப்புதான் நினாங். மன்னிச்சிடுங்க" என்றாள் கிளாரிசெல். ஞானத்தாயை அவள் 'நினாங்' என்றுதான் கூப்பிடுவாள்.

மிலாக்ரோஸ் மீனின் செதிளைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள். "நான் மீனோட கண்ணப் பாத்து வாங்கறவ. உங்கம்மாவ எனக்குத் தெரியாதா? நேத்துப் பொறந்தவ நீ. நாங்க சிரிச்சிக்கிட்டே போய் அந்தப் பெஞ்சுல உக்காந்திருந்தா என்ன அர்த்தம்? அவளுக்கு நடிக்க வரலன்னு அர்த்தம். அதான் வேணுமா உனக்கு?"

மன்னிப்பு இங்கே செல்லாது என்று கிளாரிசெல்லுக்குப் புரிந்தது. போகத் திரும்பியவள் நின்றாள்.

"நினாங், இந்த வெள்ளிக்கிழமை சபினா சாகிறா."

கத்தி நின்றது. "எப்படி?"

"அத மட்டும் சொல்ல மாட்டேன். துக்கம் எங்க கடையிலதான். எல்லாரும் வந்து உக்காரணும்."

"ஏன், அவளுக்கு உறவுக்காரங்க யாரும் இல்லியா?"

"ஒருத்தரும் இல்ல. அதனாலதான் உங்களக் கூப்பிடறேன்."

மிலாக்ரோஸ் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. மீனைக் கழுவப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை துக்க வீட்டுக்கு வேண்டியதெல்லாம் தயாரானது. இஞ்சி போட்ட அரிசிக் கஞ்சி, காப்பி, பிஸ்கட், வறுத்த கடலை. படப்பிடிப்பில் எடுத்த சபினா படத்தைக் கிளாரிசெல் மேஜைமேல் வைத்தாள். மெழுகுவத்தியை எடுத்தபோது அம்மா பிடுங்கிக்கொண்டாள். "உயிரோட உக்காந்திருக்கேன், ஏத்திடாத."

மதியம் நாடகம் தொடங்கியது. மாளிகையில் தீ. சபினா கதாநாயகியை வெளியே தள்ளிவிட்டுத் தான் சிக்கிக்கொண்டாள். பிறகு அந்தப் பெண்ணின் மடியிலேயே படுத்து, அவள் யாருடைய மகள் என்ற உண்மையைச் சொன்னாள். மனம் திரும்பாமல் எந்த வில்லியும் எங்கள் டிவியில் சாவதில்லை. அந்த மரியாதையை நாடகக்காரர்கள் அவளுக்குச் செய்யத் தவறியதே இல்லை. உயிர் போவதற்குள் ஷாம்பூ விளம்பரமும் சோப்பு விளம்பரமும் மாறி மாறி வந்து தொலைத்தன. தான் சாவதைப் ப்ரெசிங் பார்க்கவே இல்லை. அவள் கண் தெருவில் இருந்தது. பெஞ்சுகளில் ஒரு ஈ, காக்கை இல்லை.

நாடகம் முடிந்தது. ப்ரெசிங் எழுந்து டிவியை அணைத்தாள். கஞ்சிப் பானையை மூடினாள்.

"நான் போய்ப் பாத்துட்டு வரவாம்மா?"

"வேணாம். போதும்."

அப்போதுதான் வண்டிக்காரர் டோமெங்கின் டிரைசைக்கிள் தெருமுனையில் திரும்பியது. மோட்டார் சைக்கிளோடு ஒட்டிய பக்கப்பெட்டியில் கறுப்பு உடுப்பில் மிலாக்ரோஸ். பின்னாலேயே தெருவே வந்தது. பிளாஸ்டிக் நாற்காலியைத் தலையில் வைத்துக்கொண்டு சிலர், சீட்டுக்கட்டோடு சிலர். எல்லார் கண்ணும் சிவந்திருந்தது. அதில் நடிப்பு இல்லை.

"இவ்வளவு நேரமா?" என்றாள் கிளாரிசெல், குரல் உடைந்து.

"அறிவிருக்கா உனக்கு? துக்க வீட்டுக்கு வந்து டிவி பாப்பாங்களா?" என்றாள் மிலாக்ரோஸ். "வீட்ல பாத்து அழுதுட்டுத்தானே வர முடியும்."

பெஞ்சுகள் நிறைந்தன. கஞ்சி பரிமாறப்பட்டது. துக்க வீட்டு வழக்கப்படி செத்தவளைப் பற்றிப் பேச்சு ஆரம்பித்தது.

"கோவக்காரிதான். ஆனா வீட்ட எவ்வளவு சுத்தமா வச்சிருந்தா" என்றாள் ஒருத்தி.

"கடைசியில நல்லவளாத்தான் போனா" என்றார் டோமெங். "ஆனா தட்டுல ஒரு பருக்கை விட்டா மனுஷன உரிச்சிடுவா."

"அது சபினா இல்லய்யா, இவ."

"ரெண்டும் ஒண்ணுதான்."

சிரிப்பு வெடித்தது. சீட்டாட்டம் தொடங்கியது. ப்ரெசிங் பானைக்கும் பெஞ்சுக்கும் நடுவில் பறந்துகொண்டிருந்தாள். மிலாக்ரோஸ் ஞானமகளை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"உன் படிப்புல இதுக்கு என்னடி பேரு?"

"இன்னும் பேரு வைக்கல நினாங்."

"மெதுவா வை. அவசரப்படாத."

கிளாரிசெல் அவள் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். மனிலாவுக்குப் போனதும் கட்டுரையை முதலிலிருந்து எழுத வேண்டும் என்று நினைத்தபோது அவளுக்குக் கவலையே வரவில்லை. இந்த ஜனங்களுக்கு நடுவில் பிறந்ததற்கு நன்றியாகத்தான் இருந்தது.

வெயில் தாழ்ந்ததும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். ப்ரெசிங்கின் கண் நிறைந்துவிட்டது. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

"உங்க எல்லாருக்கும் ரொம்ப..."

மிலாக்ரோஸ் பாய்ந்து வந்து அவள் வாயைப் பொத்தினாள். "துக்க வீட்ல நன்றி சொன்னா இன்னொரு சாவு விழும். வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பவும் கூடாது. உள்ள போ."

ப்ரெசிங் உள்ளே நகர்ந்தாள். ஒரு நிமிஷம் தவித்தாள். பிறகு முதுகை நிமிர்த்தி, இடுப்பில் கை வைத்து, செத்துப்போன சபினாவின் குரலில் அதட்டினாள்.

"தின்ன தட்டெல்லாம் யாரு கழுவறது? உங்க பாட்டன் வீட்டு வேலைக்காரியா நான்?"

தெருவே கை தட்டியது. டோமெங் விசிலடித்தார். மிலாக்ரோஸ் மட்டும் சிரிக்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு டிரைசைக்கிளில் ஏறினாள். வண்டி நகரும்போது தலையை வெளியே நீட்டினாள்.

"நாளைக்கு மத்தியானம் முன்பக்கப் பெஞ்சுல எனக்கு எடம் வை, மாரே."

ப்ரெசிங், வாயைத் திறந்தால் நன்றி என்று வந்துவிடும் என்று இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நின்றாள்.