வாய் நிறையத் தண்ணீர்

“தம்பி, ஒங்க மச்சான் பேசுவாரா?”

வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அன்னலட்சுமி அக்கா இப்படிக் கேட்டார். பக்கத்து வீட்டுக்காரர், மாநகரசபையில் வேலை செய்பவர், வம்புக்குக் கேட்கிற ஆளில்லை. என் அக்காவை, நாங்கள் கூப்பிடுகிறபடி ராத்தாவை, கலியாணம் முடித்து மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஒரே மேசையில் சாப்பிடுகிறோம், ஒரே குளியலறைக்கு வரிசையில் நிற்கிறோம். அவர் பேசுவாரா? யோசித்துப் பார்த்தேன். “ம்”, “சரி”, “நான்…” இவ்வளவுதான் ஞாபகம் வந்தது.

“கேட்டுச் சொல்றேன் அக்கா” என்று உள்ளே ஓடிவிட்டேன்.

காரணம் என் ராத்தா ஜஹானா. எங்கள் ஊர் அம்பிட்டியவில் அவளைத் தெரியாதவர்கள் குறைவு. மொண்டிசோரி டீச்சர். பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து கத்தினாலும் அவள் குரல்தான் மேலே கேட்கும். அவளுக்கு ஒரு பழக்கம்: யார் எந்த வசனத்தைத் தொடங்கினாலும் அவள்தான் முடித்து வைப்பாள். டாக்டர் “காய்ச்சல் எப்ப…” என்றால், “நேத்து, இருமல் இல்ல, சாப்பாடு இறங்குது” என்பாள். கண்டக்டர் வாயைத் திறந்தால், “சந்தியில எறக்கம்!” என்பாள். எங்கள் வீட்டில் எல்லோரும் கொஞ்சம் அப்படித்தான். ஒருவர் மூச்சு வாங்கினால் அடுத்தவர் நுழைந்துவிடுவார். ராத்தா மூச்சு வாங்கும்வரைகூடப் பொறுக்கமாட்டாள்.

இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான், எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளை குடிவந்தார். இப்ஹாம் மச்சான், கலகெதர ஆள். டவுனில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்கள் சுவரில் உள்ள எழுத்துகளை வாசித்து முடிக்கும்வரை எவ்வளவு நேரமானாலும் நிற்பாராம். பேசும்போது ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் கொஞ்சம் இடம் விடுவார். அந்த இடத்தில் ராத்தா குடியேறிவிடுவாள்.

கலியாணத்துக்கு மறுநாள் நடந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. புது மருமகனுக்கு இனிப்புக் கொடுக்க உம்மாவுக்கு ஆசை. “மகன், வட்டிலப்பம் புடிக்குமா?” என்று கேட்டார்.

“மாமி… எனக்கு… வட்டிலப்பம்…”

“உசிரு! அவருக்கு வட்டிலப்பம்னா உசிரு உம்மா!” என்றாள் ராத்தா.

உம்மாவின் முகம் பௌர்ணமி மாதிரி ஆனது. அன்றிலிருந்து எங்கள் வீட்டு முட்டையும் தேங்காய்ப்பாலும் கித்துள் கருப்பட்டியும் மச்சானுக்கே. தினமும் ஒரு பெரிய துண்டு. அவர் தலைகுனிந்து சாப்பிடுவார். “பாரேன், ரசிச்சு ரசிச்சுச் சாப்பிடுறாரு” என்று உம்மா இன்னொரு துண்டு வைப்பார்.

அன்னலட்சுமி அக்கா கேட்ட அதே வாரம், ஒரு காலையில் மச்சான் ராத்தாவிடம் வந்தார். “ஜஹானா, நான்… கலகெதரைக்கு…”

“ஒங்க உம்மாவோட ரெண்டு நாள் நிக்கப் போறீங்க. போங்க, போங்க! நான் பேக் அடுக்கித் தாறேன்.”

அடுக்கியும் கொடுத்தாள். மச்சான் பையையும் ராத்தாவையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு போய்விட்டார்.

போனவர் வரவில்லை. இரண்டு நாள் கழிந்தது. போனில் ராத்தாவே கேட்டு, ராத்தாவே பதில் சொல்லி, ராத்தாவே வைத்தாள். “நாளைக்கு வாறீங்கதானே? சரி!” நாளையும் வரவில்லை. ஒரு கிழமை ஆனது. வீட்டோடு மாப்பிள்ளை பையோடு போய்த் திரும்பவில்லை என்றால் தெரு என்ன பேசும்? “மருமகன் எங்க, காணல்ல?” என்று கேட்டவர்களிடம் வாப்பா, கேள்வி முடியும் முன்னே வானிலையைப் பற்றிப் பேசினார்.

ராத்தாவுக்கு முதலில் கோபம். “வேணும்னா வரட்டும்!” பிறகு ஒரு நாள் சமையலறையில், யாரும் தொடாத வட்டிலப்பத்தின் முன்னால் அவள் அழுதுகொண்டிருந்ததைப் பார்த்தேன். அவளுக்கு அவரை அவ்வளவு பிடிக்கும் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

“அர்கம், அவர் ஏன் போனார்டா? என்ன சொல்லிட்டுப் போனார்?”

“சொல்ல எங்க விட்டீங்க ராத்தா? நீங்கதானே சொன்னீங்க.”

அடிப்பாள் என்று ஒரு அடி தள்ளி நின்றேன். அடிக்கவில்லை. “அவர் ஒரு வசனத்த முழுசா முடிச்சு நான் கேட்டதே இல்ல” என்றாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். ராத்தாவால் அதிக நேரம் அழ முடியாது, அடுத்த வேலை வந்துவிடும்.

மொண்டிசோரியில் பிள்ளைகள் வரிசையில் பேசாமல் நடக்க ஒரு வித்தை வைத்திருக்கிறாள். “எல்லாரும் வாயில பலூன் ஊதுங்க” என்பாள். கன்னம் உப்பிக்கொண்டு போவார்கள். அதைத் தனக்கே செய்து பார்த்தாள். காற்றுப் பலூன் இரண்டு நொடியில் உடைந்தது. அதனால் தண்ணீர். யாராவது பேசத் தொடங்கினால் ஒரு மடக்குத் தண்ணீரை வாயில் நிறுத்திக்கொள்வாள்; அவர்கள் முடித்த பிறகுதான் விழுங்கலாம்.

எங்களுக்குக் கொண்டாட்டம்! வாப்பா தன் கடைக்கு ஃபேன் வாங்கிய கதையை, எந்த நிறத்தில் வாங்குவது என்பதிலிருந்து ஆரம்பித்தார். நான் வேண்டுமென்றே “ராத்தா, ஒங்களப் பத்தி நேத்து ஒருத்தர்… என்ன சொன்னாருன்னா…” என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டேன். அவள் தண்ணீரோடு வீட்டைச் சுற்றி என்னைத் துரத்தினாள். மூக்கு வழியாக வந்தது, சட்டை நனைந்தது. ஆனால் விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவளும் நானும் கலகெதர பஸ் ஏறினோம், கையில் ஒரு தண்ணீர்ப் போத்தலோடு.

மச்சானின் உம்மா அபீபா மாமிதான் கதவைத் திறந்தார். “வாங்க…” என்றார். நாங்கள் செருப்பைக் கழற்றினோம். “…மகள்” என்றார். ராத்தா அவசரமாகப் போத்தலைத் திறந்தாள். மச்சானே இந்த வீட்டில் வாயாடி என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது!

பெரிய தட்டில் சஹன் வைத்தார்கள். ஒரே தட்டைச் சுற்றி நான்கு பேர் உட்கார்ந்தோம். நடுவில் கோழி, அவரவர் முன்னால் அவரவர் சோறு. ராத்தா வாய் நிறையத் தண்ணீர் எடுத்தாள்.

மச்சான் பயந்துபோனார். “பல்லு… வலியா?”

ராத்தா இல்லையென்று தலையை ஆட்டி, சொல்லுங்கள் என்று கையைக் காட்டினாள்.

“ஜஹானா… மாமி ஆசையாச் செய்றாங்க… அதனால சொல்ல முடியல்ல… எனக்கு வட்டிலப்பம்…”

சுவர்க் கடிகாரம் அடித்துக்கொண்டிருந்தது. ராத்தாவின் கன்னம் உப்பி, கண் பிதுங்கி, காது சிவந்தது.

“…ஆகாது. சின்ன வயசிலேயிருந்தே… முட்டை வாசம்… கொமட்டும்.”

புர்ர்ர்!

கோழி மேல், சோற்றின் மேல், மச்சானின் மூக்குக்கண்ணாடி மேல், எல்லா இடமும் தண்ணீர். பிறகு அபீபா மாமி மெதுவாக மகனைத் திரும்பிப் பார்த்து, “மூணு மாசமா… நீ… வட்டிலப்பம்… திண்டியா?” என்றார். மச்சான் ஆமென்று தலையை ஆட்டினார். மாமி சிரிக்க ஆரம்பித்தார். அந்தச் சிரிப்பு மட்டும் மெதுவானதே இல்லை! மச்சானும் சிரித்தார். நான் தட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

“அண்டைக்கு… கலகெதரைக்கு… நீங்களும் வாங்க எண்டுதான்… சொல்ல வந்தன்” என்றார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. “நீங்க என்ன மட்டும் அனுப்பினீங்க. ஒங்களுக்கு நான் அங்க இரிக்கிறது… புடிக்கல்லையோ எண்டு நெனச்சிட்டன்.”

ராத்தா சிரிப்பை நிறுத்தினாள். “திரும்பி வருவீங்களா?”

வாயில் இப்போது தண்ணீர் இல்லை. போத்தல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, அதை அவள் எடுக்கவில்லை. மச்சான் யோசித்தார். மாமி நனைந்த சோற்றை ஓரமாக ஒதுக்கி முடித்தார். ராத்தாவின் உதடு துடித்தது. பத்துப் பதில்கள் அதற்குப் பின்னால் முட்டிமோதிக்கொண்டு நின்றது எனக்குத் தெரிந்தது. ஒன்றையும் வெளியே விடவில்லை.

“வருவன்” என்றார் மச்சான். “ஆனா…”

ராத்தா காத்திருந்தாள்.

“…வட்டிலப்ப விஷயத்த நீங்கதான் ஒங்க உம்மாக்கிட்ட சொல்லணும். நான் சொன்னா… நேரமாகும்.”

அன்று பின்னேரமே மூன்று பேரும் பஸ்ஸில் திரும்பினோம். விஷயம் கேட்டு உம்மா தலையில் கைவைத்தார். “யா அல்லாஹ்! அப்ப ஒங்களுக்கு என்னதான் மகன் புடிக்கும்?”

வாப்பா வாயைத் திறந்தார். ராத்தா போத்தலை அவர் கையில் திணித்தாள். வீடே காத்திருந்தது.

“சோத்தோட… தயிரும்… மோர் மொளகாப் பொரியலும்.”

எங்கள் வீட்டில் யாரும் குறுக்கிடாத முதல் வசனம் அதுதான். நாங்கள் கைதட்டினோம்.

ராத்தா இன்னும் வழுக்கி விழுகிறாள். வாரத்தில் சில நாள் மச்சானின் வசனத்தைப் பறித்துவிட்டு, “ஐயோ, திரும்பத் தாறேன், நீங்களே சொல்லுங்க” என்கிறாள். அவரும் இப்போது, இடையில் நுழைந்தால் கையைக் கொஞ்சம் தூக்கி, “இன்னும்… முடியல்ல” என்கிறார்.

வேலியோரம் அன்னலட்சுமி அக்காவிடமும் சொல்லிவிட்டேன். “மச்சான் பேசுவாரு அக்கா. ஆனா கேக்கிறதுக்கு ஒரு கதிரை கொண்டுவந்து போட்டு உக்காரணும்.”

உங்கள் வீட்டிலும் ஒரு ஜஹானாவோ ஓர் இப்ஹாமோ இருந்தால், தயவுசெய்து இந்தக் கதையை அவர்களிடம் கொடுங்கள். ஒரே ஒரு விஷயம்: அவர்கள் வாசித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்று முடிவைச் சொல்லிவிடாதீர்கள். தேவைப்பட்டால் ஒரு மடக்குத் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்.