தேநீருக்கு முன் ஒரு வாக்கியம்

அமைதிக் குழுக் கூட்டத்துக்கு ஒரு நடைமுறை உண்டு. தாசில்தார் நடுவில். அவருக்கு வலப்பக்கம் காவல் ஆய்வாளர். எதிரே கோயில் சார்பில் இருவர், வர்த்தகர்கள், பாதிரியார், பள்ளிவாசல் ஜமாத் தலைவர். கட்சிக்காரர்களுக்கு அழைப்பு போனாலும் வருவார்கள், போகாவிட்டாலும் வருவார்கள். எல்லோரும் எழுந்து முழு ஒத்துழைப்பு தருவதாகச் சொல்ல வேண்டும். ஜமாத் தலைவர் மட்டும் கூடுதலாக ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும்: “இஸ்லாம் அமைதி மார்க்கம்.” எந்த அரசாணையிலும் அது இல்லை, நான் தேடிப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் அவர் அதைச் சொல்லி முடிக்கும் வரை தேநீர் உள்ளே வராது.

ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா அலுவலகத்தில் அந்தக் கூட்டங்களுக்கு அழைப்பு அனுப்புவதும் நடவடிக்கைக் குறிப்பு எழுதுவதும் என் வேலை. எண்பதுகளின் நடுவில் அங்கே மாற்றலாகி வந்தேன். வீடு ராஜபாளையத்தில். மனைவி இறந்து, மகளையும் திருச்சிப் பக்கம் கட்டிக்கொடுத்த பிறகு, அந்த வீட்டில் ரேடியோதான் பேசும். நான் வாய்திறந்து பேசியதெல்லாம் காலையும் மாலையும் பேருந்தில்தான். பேச்சுத்துணையாக இருந்தவர், எங்கள் அலுவலகத்திலேயே அரிசி, மண்ணெண்ணெய் பார்க்கும் வழங்கல் பிரிவில் இருந்த ஒரு நண்பர். அவரும் ராஜபாளையம். வீட்டில் தெலுங்கு, கோபம் வந்தால் அதில்தான் முணுமுணுப்பார். செண்பகத்தோப்புக்குக் கீழே அவருக்குக் கொஞ்சம் மாமரங்கள் இருந்தன. யானை வந்துபோன கதையை அவர் சொல்வார், வனத்துறையிடம் இழப்பீடு கேட்கும் முறையை நான் சொல்வேன். யானையும் நிற்கவில்லை, இழப்பீடும் வரவில்லை. பேச்சு மட்டும் வருடக்கணக்கில் ஓடியது.

வடக்கே பள்ளிவாசலை இடித்த அந்த டிசம்பரில் அவசரக் கூட்டம். ஜமாத் தலைவர் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பிவிட்டார். கெட்டிக்காரர். எல்லோரும் பேசி முடித்தார்கள். தாசில்தார் அறையைச் சுற்றிப் பார்த்து, கடைசியில் ஓரத்தில் எழுதிக்கொண்டிருந்த என்னிடம் வந்து நின்றார்.

“நீங்களே ரெண்டு வார்த்தை சொல்லிருங்க, பாய்.”

அதுவரை அந்த அலுவலகத்தில் எனக்கு ‘சார்’ என்றுதான் பெயர்.

“குறிப்பு எழுதுறவன் உறுப்பினர் இல்ல சார். பேசக் கூடாது.”

“விதியெல்லாம் எனக்கும் தெரியும். சொல்லுங்க.”

சொன்னேன். தேநீர் வந்தது.

பிறகுதான் வேடிக்கை. அந்த வாரமே ஒரு கட்சிக்காரர் தெருமுனையில் மைக் பிடித்து, “அமைதி மார்க்கம்னு தாலுகா ஆபீஸ் பாயே சொல்லிட்டாரு. அந்த அமைதிக்குக் காவல் நாங்கதான்” என்று ஓட்டுக் கேட்டார். அடுத்த வாரம் அதே முனையில் எதிர்த்தரப்பு: “அமைதி மார்க்கமாம்ல! எங்கய்யா இருக்கு அந்த அமைதி? விலாசம் குடுங்க, போய்ப் பாத்துட்டு வாரோம்!” கூட்டம் சிரித்தது. பேருந்துக்காக நின்றிருந்த நான் இரண்டையும் கேட்டேன். மூன்றாவது தரப்பு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வெளியே வரும்போது காத்திருந்தது, மில்லில் வேலை பார்க்கும் ஓர் இளைஞன் உருவத்தில்.

“என்ன மாமா, நம்ம எல்லாத்துக்கும் சேத்து சர்டிபிகேட் குடுத்திட்டீகளாம்ல? எத்தன நாளைக்குச் செல்லும்?”

“வருமானச் சான்று மாதிரிதான்டா. கேக்கும்போதெல்லாம் புதுசா வாங்கணும்.”

அவன் சிரிக்கவில்லை. “வேற எவனாச்சும் இப்பிடி வாங்கிட்டு அலையிதானா?” என்றான். கேள்வி சரியானது. செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டேன்.

அலுவலகத்தில் நான் ‘பாய்’ ஆகிப்போனேன். பியூன் முதல் தாசில்தார் வரை மரியாதையாகத்தான் அழைத்தார்கள். புகார் செய்ய ஒன்றுமில்லை. பேருந்து நண்பர் மட்டும் பழையபடி “சார்வாள்” என்றே கூப்பிட்டார். அந்த ஒன்று கையைவிட்டுப் போகாமல் இருந்தால் போதும் என்று நினைத்தேன்.

சில வருடங்கள் கழித்து, வேறோர் ஊரில் குண்டுவெடித்த சமயம், மறுபடியும் கூட்டம். தாசில்தார் புதியவர், ஜமாத் தலைவரும் புதியவர். கடைகள் அடைத்தால் அரிசி எப்படிப் போய்ச்சேரும் என்று விளக்க என் நண்பரும் வந்து உட்கார்ந்திருந்தார். புதிய ஜமாத் தலைவர் ஒத்துழைப்பு என்ற ஒரே சொல்லோடு உட்கார்ந்துவிட்டார். தாசில்தார் என் பக்கம் திரும்பினார். “பாய் சொல்வாரு. அவருக்குப் பழக்கம்தான்.”

எழுந்தேன். சொல்ல வேண்டியதை வாய்க்குள் கோத்துக்கொண்டே எழுந்தது நினைவிருக்கிறது. ஆனால் வெளியே வந்தது வேறு. “ஒரு நடைமுறை யோசனை சார். இந்த உறுதிமொழிய எல்லாரும் அவங்கவங்க மதத்தப் பத்திச் சொல்லலாம். அகர வரிசைப்படி ஆரம்பிச்சா யாருக்கும் மனக்குறை இருக்காது.”

முப்பது வருடம் கோப்பு பார்த்தவனுக்குத்தான் இப்படியொரு தீர்வு தோன்றும். எல்லோருக்கும் ஒரே படிவம் என்றால் சிக்கல் தீர்ந்தது என்று உண்மையிலேயே நம்பினேன்.

கோயில் சார்பில் வந்தவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். “நாங்க எதுக்குய்யா சொல்லணும்? நாங்களா குண்டு வச்சோம்?”

“நானும் வைக்கலயே.”

ஆய்வாளர் மேற்கூரையைப் பார்த்தார். தாசில்தார் மணியை அடித்துத் தேநீர் வரவழைத்தார். யாரும் அந்த வாக்கியத்தைச் சொல்லாமலே அன்று வந்துவிட்டது.

மாலைப் பேருந்தில் நண்பர் பக்கத்தில் உட்கார்ந்தார். மம்சாபுரம் விலக்கு தாண்டியதும் ஆரம்பித்தார்.

“ஒரு வரிதான சார்வாள். சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல?”

“உங்கள யாரும் கேக்கலயே.”

“எங்களக் கேக்கவே வேண்டியதில்லயே, அதான...” பாதியில் நிறுத்தி, தெலுங்கில் ஏதோ முணுமுணுத்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஒண்ணு கேப்பேன். கோவிச்சுக்கிடக் கூடாது.”

“கேளுங்க.”

“நெசமாவே அப்பிடித்தானா? அமைதி மார்க்கம்னு சொல்லுதாகளே, அது?”

கூட்டத்தில் கேட்டவர்கள் யாரும் பதிலை எதிர்பார்த்துக் கேட்டதில்லை. இவர் எதிர்பார்த்தார்.

“இத்தன வருஷமா எம் பக்கத்துல உக்காந்து வாறீக. உங்களுக்கு என்ன தோணுது?”

“அய்யய்ய, உங்களச் சொல்லல. நீங்க வேற, சார்வாள். உங்கள மாதிரியே எல்லாரும் இருந்திட்டா ஒரு தொந்தரவும் இல்ல.”

“என் மக?”

“அது நம்ம பிள்ளைல்லா! ரம்ஜானுக்கு எம்புட்டு கஞ்சி கொண்டாந்து குடுத்திருக்கு!”

“மருமகன்?”

மகளின் கல்யாணம் திருச்சியில் நடந்தது. அவரால் வர முடியவில்லை. மாப்பிள்ளையை அவர் பார்த்ததே இல்லை. வெளியே மலை இருட்டத் தொடங்கியிருந்தது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“அவியளப் பத்தி எனக்குத் தெரியாதே, சார்வாள்” என்றார்.

பொய் சொல்லத் தெரியாத மனிதர். ஒரு பொய் சொல்லியிருக்கலாம்.

ராஜபாளையத்தில் இறங்கி, வழக்கமான கடையில் டீ குடித்தோம். அவர்தான் வாங்கித் தந்தார். இருவரும் ஓய்வு பெறும் வரை ஒன்றாகத்தான் போய்வந்தோம். யானைகளைப் பற்றிப் பேச நிறைய இருந்தது. அந்தக் கேள்வியை அவர் மறுபடி கேட்கவில்லை.

அன்று டீ குடித்துப் பிரிந்ததும் தெருக்கோடி எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் மகளைக் கூப்பிட்டேன். மருமகன்தான் எடுத்தார். “நல்லா இருக்கீங்களா மாமா? சாப்பிட்டீங்களா?” என்றார். சாப்பிட்டேன் என்றேன். அவர் மேலே பேசிக்கொண்டே போனார். மழை, குழந்தையின் சளி, ஸ்கூட்டர் ரிப்பேர். கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று ஒவ்வொரு சொல்லையும் கூர்ந்து கேட்டேன், நண்பரிடம் போய் இவரைப் பற்றி என்ன சொல்லலாம் என்று.