பட்டுச்சேலையோடு கடலுக்கடியில் ஒரு போட்டோ

1. ஓடர்

கொக்குவிலில் ஸ்ரூடியோ வைத்துக் கால் நூற்றாண்டாகக் கலியாணப் படம் எடுக்கிறேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் வாடிக்கையாளருக்கு ஓம் சொல்லுமுன் ஒருதரம் எச்சில் விழுங்குவது நல்லது. நான் விழுங்கவில்லை.

ரொறன்ரோவிலிருந்து தன் கலியாணத்துக்கு வந்த அனுஜா, தென்னந்தோப்பும் கோட்டை மதிலும் எல்லாரும் எடுத்து அலுத்துவிட்டது என்றாள். அதில் பாதிக்கு மேல் எடுத்தவன் நான்தான்.

"அங்கிள், நாங்க ரெண்டுபேரும் கடலுக்கடியில நிக்கிற மாதிரி ஒரு போட்டோ வேணும். பட்டுச்சேலையோட. செய்வீங்களோ?"

செய்யலாம் பிள்ளை என்று ஓடரை எடுத்துவிட்டேன். அதுவரை நான் இறங்கிய ஆகக்கூடிய ஆழம் கீரிமலைக் கேணி. அவளும் மாப்பிள்ளையும் ஏற்கெனவே ஸ்கூபா பழகியவர்கள். பழகாதவன் படம் எடுக்க வேண்டியவன் மட்டும்.

2. குளம்

மயிலிட்டியில் ஸ்கூபா பழக்கும் ஜெனிற்றாவிடம் போனேன். என் மகளின் வயதுதான் இருக்கும். முதலில் ஒரு ஹோட்டல் நீச்சல் குளத்தில் பழக்கினாள். முதுகில் சிலிண்டர், இடுப்பில் ஈயக்கட்டி கோத்த பெல்ற். என் வயிற்றைப் பார்த்துவிட்டு இன்னும் இரண்டு கட்டி சேர்த்தாள். கொழுப்பு மிதக்குமாம். மரியாதையாகத்தான் சொன்னாள்.

மாஸ்க்குக்குள் புகும் தண்ணீரை மூக்கால் ஊதி வெளியேற்ற வேண்டும். நான் ஊதாமல் இழுத்தேன். இருமி முடித்து நிமிர்ந்தபோது, கரையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த ஒருவர் கைபேசியில் என்னைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். கேட்காமல் ஆளைப் படமெடுப்பது எவ்வளவு அநாகரிகம் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

"அண்ணை, ஒண்டை மட்டும் மறந்திடாதேங்கோ. கீழ மூச்சை அடக்கக்கூடாது. அடக்கிக்கொண்டு மேல வந்தால் நுரையீரல் வெடிச்சிடும்."

கறிக்கு உப்புக் கூடிவிட்டது என்பதுபோல அதைச் சொன்னாள்.

3. கடல்

மயிலிட்டித் துறைமுகத்திலிருந்து படகில் போனோம். முதல்தரம் இறங்கும்போதே கமரா வேண்டாம் என்று ஜெனிற்றா அதை வாங்கிப் படகில் வைத்துவிட்டாள். பின்பக்கமாகச் சரிந்து விழச் சொன்னாள்; விழுந்தேன். மூக்கைப் பொத்தி ஊதிக் காதடைப்பை எடுத்தபடி கயிற்றைப் பிடித்து இறங்கினோம். அடியில் என் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. மண்டபங்களின் ஒலிபெருக்கிக்குப் பக்கத்திலேயே வாழ்ந்தவனுக்கு அது பெரிய சலுகை.

பவளப்பாறையான முருகைக்கல்லுக்குப் பின்னாலிருந்து ஒரு கடலாமை வந்தது. அதன் ஓட்டில் வெளிச்சம் வலைபோல் விழுந்து அசைந்தது. என் ஒரு கண் தானாகச் சுருங்கியது. விரல் வெறும் தண்ணீரை அழுத்தியது. கை ஆடாதிருக்க மூச்சை அடக்குவது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. நெஞ்சு நிறையக் காற்றோடு அடக்கிவிட்டேன்.

ஆமை சிறுத்துக்கொண்டே போனது. நான்தான் மேலே போகிறேன் என்று விளங்கவில்லை. யாரோ காலைப் பிடித்து இழுத்தார்கள். ஜெனிற்றா என் முகத்துக்கு நேரே வந்து, வாயிலிருந்து கையை வெளியே வீசி ஊதச் சொல்லிக் காட்டினாள். அவள் கண்ணில் பயம் இருந்தது. அதைக் கண்டபிறகுதான் எனக்குப் பயம் வந்தது. ஊதினேன். குமிழிகள் மேலே போயின. நான் போகவில்லை.

படகில் ஏறியதும் அவள் என் சிலிண்டரைக் கழற்றினாள். பிறகு வீட்டில் யார் யார் என்று கேட்டாள். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் என்றேன்.

"அப்ப அவையளை நினைச்சுக்கொண்டு ஊதுங்கோ."

4. முடிவு

பிறகும் பலதரம் இறங்கினேன். கமராவோடும் பழகினேன். படப்பிடிப்புக்கு முதல்நாள் அனுஜா தொலைபேசியில் வந்தாள்.

"சொறி அங்கிள். மேக்கப் அக்கா வேண்டாம் எண்டு சொல்லுறா. தண்ணிக்குள்ள பூசினது ஒண்டும் நிக்காதாம்."

உடுவிலில் ஒரு வெங்காயத் தோட்டத்தில் எடுத்தோம். பாத்தியை மிதிக்க வேண்டாம் என்று தோட்டக்காரர் கடைசிவரை பக்கத்திலேயே நின்றார்.

பாடம் வேண்டுமென்றால் இதுதான்: மணமக்களும் இரு வீட்டாரும் சம்மதித்தாலும், மேக்கப் அக்கா தலையாட்டும்வரை ஓடர் உறுதியில்லை.

கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தங்களை இப்போது நான் எடுப்பதில்லை. மயிலிட்டிக்குப் போய்விடுவேன். கமரா ஸ்ரூடியோவில் இருக்கும்.