பால்துரை வளர்த்த உப்பு

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி மில் ஒன்றில் சூப்பர்வைசராக இருக்கும் பால்துரையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காமல் இருக்க அவர் விடமாட்டார். சர்ச் அசன விருந்தில் வியர்க்க வியர்க்கச் சோறு வடிப்பவர்கள் வேறு ஆட்கள். கரண்டியைப் பிடித்துக்கொண்டு போட்டோவில் நிற்பவர் இவர்.

மகள் இவாஞ்சலின் எட்டாம் வகுப்பு. பள்ளி அறிவியல் கண்காட்சியில் முதலிடம் வந்தால் விருதுநகரில் மாவட்டப் போட்டி. அதற்காகக் கொதிநீரில் உப்பைக் கரைத்து, பாட்டிலுக்குள் நூலைத் தொங்கவிட்டாள். அசைக்காமல் விட்டால் நூலில் படிகம் வளரும். அசைக்காமல் விடுவது பால்துரையின் பரம்பரையிலேயே கிடையாது. மில்லுக்குப் போகுமுன் ஒரு தடவை, வந்தபின் ஒரு தடவை நூலைத் தூக்கிப் பார்ப்பார்.

"அப்பா, தொடாதிய. உதுந்துரும்."

"ஏட்டி, மேற்பார்வை இல்லாம எது வளரும்?"

அவரையும் மீறி, கடலைப்பருப்பு அளவில் ஒன்று வளர்ந்தது. கத்தியால் வெட்டியது போன்ற ஓரங்கள். கண்காட்சியன்று காலை அதைப் பார்த்ததும் அவருக்கு மானம் போயிற்று.

"இம்புட்டுதானா? இதை வச்சிக்கிட்டு நான் எப்படிப் போயி நிக்க?"

நிற்க வேண்டியது யார் என்று வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. மகளின் படிகம் அடுப்பிலிருந்த மீன் குழம்புக்குள் போனது. கடையில் வாங்கிய எலுமிச்சை அளவுக் கல்கண்டுக் கட்டி, நூலோடு, அதே உப்புத் தண்ணீரில் இறங்கியது.

பள்ளியில் மேசைக்கு முன்னால் நின்று பால்துரை விளக்கினார். மகள் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தாள். நடுவராக வந்த ஆசிரியர் பாலகணேஷ் பக்கத்தில் வருவதற்குள் எலுமிச்சை கோலிக்குண்டாகியிருந்தது.

"என்ன சார், சிறுத்துக்கிட்டே போகுது?"

"வளருறதுக்கு முன்னாடி செத்த நேரம் அப்படித்தான் சார் இருக்கும்."

ஆசிரியர் எட்டிப் பார்த்து மகளைக் கேட்டார். "நீ சொல்லும்மா. இனிமே உப்பு கரையாதுங்கிற அளவுக்கு உப்பு போட்ட தண்ணிதானே? அதுல உப்பு கரையுமா?"

"கரையாது சார். அது கல்கண்டு."

"நீ வளத்தது எங்க?"

"குழம்புல சார்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஆசிரியர் சிரிக்கவில்லை, அடுத்த மேசைக்குப் போய்விட்டார். விருதுநகருக்குப் போகத் தேர்வானது அங்கிருந்த முளைவிட்ட பாசிப்பயறு.

திரும்பும்போது பைக்கில் பால்துரை தெளிவாகத்தான் இருந்தார். "அந்த ஸ்கூல் காத்தே சரியில்லட்டி. அடுத்த வருஷம் எரிமலை செய்வோம். புகைய நான் பாத்துக்கிடுதேன்."

ரயில்வே கேட்டில் வண்டி நின்றது. இவாஞ்சலின் பாட்டிலோடு இறங்கி நடந்தாள். கேட் திறந்ததும் பால்துரை, காலியான பின்சீட்டுக்கு எரிமலையைப் பற்றி விளக்கிக்கொண்டே போனார்.