லென்ஸ்கிங் ஆன்லைனில் இருந்தார்

என் அப்பா மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். போன மாதம் கடையிலேயே இறந்தார். ஒரு கையில் யாருடைய ஃபிரேமோ, மறு கையில் ஸ்க்ரூ டிரைவர். சான்றிதழில் மாரடைப்பு என்று இருக்கிறது. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை. கம்ப்யூட்டரில் அரட்டை அடிக்கும் அந்தப் பழைய மெசஞ்சரில் அவர் வாழ்ந்த வாழ்க்கையை எழுதுகிறேன்.

அப்போது எங்கள் தெருவில் மெசஞ்சர் ஐடி இல்லாதவன் அரை மனிதன். பால்காரருக்கே இரண்டு இருந்தன. அப்பா 'லென்ஸ்கிங்' ஆனார். யாராவது 'ஹாய்' என்று அனுப்பினால் எழுந்துபோய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்துதான் பதில் அடிப்பார். முன்பின் தெரியாத ஒருவர் வயது, ஆணா பெண்ணா, எந்த ஊர் என்று கேட்டதற்குப் பிறந்த தேதி, ரத்த வகை, கடை விலாசம், ஞாயிறு விடுமுறை என்று வரிசையாகக் கொடுத்தார். மறுமுனை ஓடிவிட்டது. "மரியாதை தெரியாத ஜன்மம், ஒரு நன்றி சொல்லல" என்றார். முதல்முறை யாரோ விண்டோவைக் குலுக்கும் பொத்தானை அழுத்தியபோது, மானிட்டர் விழப்போகிறதென்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

மாடியில் பெரியப்பா குடும்பம். பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். மாடிப்படிக்குக் கீழே யார் ஸ்கூட்டரை நிறுத்துவது என்பதில் அப்பாவுக்கும் அவருக்கும் சண்டை வந்து பேச்சு நின்றுபோனது. பிறகு இரண்டு ஸ்கூட்டருமே வெயிலில்தான் நின்றன.

பெரியப்பாவும் ஐடி வாங்கினார். 'டிப்போபாஸ்'. பேச்சுவார்த்தை இல்லாதவர்களுக்கு மெசஞ்சரில் பேசத் தடையில்லை என்று இருவரும் தனித்தனியாக முடிவு செய்திருக்க வேண்டும். அதன்பிறகு அந்த வீடு நன்றாகவே நடந்தது. 'தண்ணி வரலை.' 'வால்வைப் பாருங்க.' 'பாத்தாச்சு. உன் வால்வு.' அப்பா பதில் தராவிட்டால் மேலேயிருந்து பெரியப்பா விண்டோவைக் குலுக்குவார். அப்பா உத்தரத்தைப் பார்த்து முறைப்பார்.

அதிலும் ஒரு மரியாதை இருந்தது. ஒருவர் டைப் அடிக்கிறார் என்று திரையில் வந்தால் மற்றவர் கையை எடுத்துவிட வேண்டும். குறுக்கே பேசக் கூடாது.

பிறகு மெசஞ்சர் கம்பெனிக்கு அறிவு வளர்ந்தது. நிறம் மாற்றினார்கள். விளையாட்டு வைத்தார்கள், கேட்காத செய்தியெல்லாம் காட்டினார்கள். செய்தி அனுப்புவதற்கான இடத்தைத் தேட வேண்டியிருந்தது. ஜனங்கள் போனுக்குப் போய்விட்டார்கள். அப்பாவின் பட்டியலில், ஆள் ஆன்லைனில் இருப்பதைக் காட்டும் பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

"எல்லாரும் பிஸி" என்றார் அப்பா. நாலைந்து வருஷம் எல்லாரும் பிஸியாகவே இருந்தார்கள். கடைசியில் மிஞ்சிய ஒரே பச்சை மாடியில் எரிந்தது.

மூடப்போகிறோம் என்று கம்பெனி அறிவித்ததும் எனக்குத்தான் பதறியது. இது போனால் இவர்கள் எப்படிப் பேசுவார்கள்? நான் நெட்வொர்க் பொறியாளர். மாற்றுப் பாதை போடுவதுதான் என் வேலை. அப்பாவிடம் போன் செயலியைக் காட்டினேன்.

"படிச்சா டிக் விழுமாமே? நான் படிச்சது உங்க பெரியப்பாவுக்கு எதுக்குத் தெரியணும்?"

"அதை அணைச்சு வெச்சிடலாம்பா."

"என் நம்பரை அவருக்குக் குடுக்கணும்ல? அவர் கேக்கட்டும்."

மாடிக்குப் போனேன். "சின்னவன்தாம்மா கேக்கணும். நான் என்ன, அவன்கிட்ட வேலை கேட்டா நிக்கிறேன்?" என்றார் பெரியப்பா.

கடைசி நாள் பகல் பன்னிரண்டோடு சேவை முடிகிறது. அப்பா கடையைப் பூட்டிவிட்டு வந்து, இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்தார். நான் பின்னால் நின்றேன்.

"பெரியவங்க பேசுற இடத்துல உனக்கென்ன வேலை? வெளிய போ."

போனேன். உள்ளே கொஞ்ச நேரம் கீபோர்டு சத்தம். பிறகு ஒன்றுமில்லை. பன்னிரண்டு தாண்டியதும் வெளியே வந்தார்.

"என்னப்பா சொன்னாரு?"

"அடிச்சுக்கிட்டே இருந்தாரு. சரி, முடிக்கட்டும்னு நான் நிறுத்திட்டேன். அதுக்குள்ள கடையை மூடிட்டானுங்க."

மேலேயும் அதே கதை. "அவன் அடிக்கிறான்னு காட்டுச்சு, நான் கையை எடுத்துட்டேன்" என்றார் பெரியப்பா. அடிக்கும் கட்டத்தில் அனுப்பாத ஓர் எழுத்து இருந்தாலும், 'அடிக்கிறார்' என்ற வரி மறுமுனையில் அணையாமல் நிற்கும். அந்த சாஃப்ட்வேரின் பழைய கோளாறு. இரண்டு பெரிய மனிதர்கள் எழுதி முடித்து, அனுப்பாமல் கைகட்டி, ஒருவருக்கொருவர் வழிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்கள்.

என்ன அடித்தீர்கள் என்று இருவரையும் கேட்டேன். இருவரும் சொன்னது ஒன்றே: "அது எங்களுக்குள்ள."

அதன்பின் படியில் எதிர்ப்பட்டால் ஒருவர் சுவரைப் பார்த்தார், மற்றவர் செருப்பைப் பார்த்தார். அப்படியே எட்டு மாதம் போனது. அப்பா போய்விட்டார்.

நேற்று பெரியப்பா கீழே வந்தார். அப்பாவின் கம்ப்யூட்டருக்கு எதிரே அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நீ இதைத்தானேம்மா படிச்சே. கடைசியா அவன் என்ன அடிச்சான்னு எடுத்துக் குடு."

"அனுப்பாதது எங்கயும் இருக்காது பெரியப்பா."

"கம்பெனில?"

"அங்க போகவே இல்ல. இந்தக் கம்ப்யூட்டர்லயும் சேமிக்காது. நான் தேடிப் பாத்துட்டேன்."

அணைந்திருந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இவ்வளவு படிச்சிருக்கே. ஒரு பொய் சொல்ல வரலயா உனக்கு?"

எனக்கு வரவில்லை. பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "நீங்க என்ன அடிச்சீங்க, அதைச் சொல்லுங்க" என்றேன்.

சொல்ல ஆரம்பித்தார். நான் குறுக்கே பேசவில்லை.