அப்பாவுக்குப் போட்ட அரிசி

உக்ரைன் நாட்டுக்காரன் ஒருத்தனிலை எனக்கு இண்டைக்கும் கோவம் இருக்குது. ஆள் செத்து எவ்வளவோ காலம். செத்தவனோடை என்ன கோவம் எண்டு இவர் கேப்பார். இவர் எண்டால் என்ரை மனுசன். இவருக்கென்ன, ஊரெல்லாம் பத்தி எரிஞ்சாலும் குறட்டை விட்டு நித்திரை கொள்ளுற ஆள்.

எண்பதுகளின்ரை நடுப்பகுதி. நாங்கள் டென்மார்க்கிலை வைலே எண்ட ஊருக்குக் குடிவந்த புதுசு. இருக்கலாம் எண்டு அரசாங்கம் இன்னும் சொல்லேல்லை, திருப்பி அனுப்பிப்போடுவாங்களோ எண்ட பயம் எந்த நேரமும் இருக்கும். நான் டெனிஷ் படிக்கப் போறது ஒரு பழைய பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு. அதின்ரை மேல்மாடியிலை பின்னேரத்திலை படம் கீறப் பழக்குவினம். பழக்கினது அந்தாள்தான். ரெண்டாம் உலகப்போர் முடிஞ்ச கையோடை அகதியாய் வந்து, ஒரு டெனிஷ்காரியைக் கட்டி, அவவும் செத்துப்போய், தனிய இருந்த கிழவன்.

கோப்பி மெசினடியிலைதான் முதல் கதைச்சது, அரைகுறை டெனிஷும் இங்கிலீசுமாய். "இந்தியாவோ?" எண்டு கேட்டார். அண்டைக்கு அதையே எத்தினையோ பேர் கேட்டு எனக்கு மண்டை விறைச்சுப் போயிருந்தது. "இந்தியாவும் இல்லை, கிந்தியாவும் இல்லை, இலங்கைத் தமிழ்" எண்டு சள்ளெண்டு விழுந்தன். கிழவன் விழுந்து விழுந்து சிரிச்சுது. "கோவிக்காதை பிள்ளை. இந்த ஊர் இவ்வளவு வருசமாய் என்னை ரஷ்யன் எண்டுதான் சொல்லுது" எண்டார். அந்த ஒரு கதையிலை நான் கவிண்டு போனன். இஞ்சை என்னை விளங்கிக்கொள்ள ஒரு சீவன் இருக்குதெண்டு நினைச்சன்.

அதுக்குப் பிறகு வகுப்பு முடிய மேலை போய் அவற்றை படங்களைப் பாப்பன். உச்சியிலை மட்டும் குடுமி விட்ட குதிரைக்காரர், கோபுரம் இடிஞ்ச கோயில், பூவேலை செய்த சட்டையோடை வயலுக்கை நிக்கிற பெண்டுகள். ஒவ்வொண்டுக்கும் ஒரு கதை சொல்லுவார். எந்த ராசா காலம், ஆர் ஆரைக் காட்டிக் குடுத்தது, மொஸ்கோக்காரர் எப்ப வந்தது எண்டு. "இதையெல்லாம் அங்கை கீறினால் பிடிச்சு மறியலிலை போடுவாங்கள். எங்கடை சரித்திரத்தை நான் இஞ்சை சுவரிலை கொழுவி வைச்சிருக்கிறன்" எண்டுவார். எங்கடை யாழ்ப்பாணத்து நூலகம் எரிஞ்சதைச் சொன்னன். மனுசன் தூரிகையைக் கீழை வைச்சிட்டார்.

சுவர் நீளத்துக்கு ஒரு பெரிய படம் இருந்தது. முப்பதுகளிலை அவையின்ரை நாட்டிலை வந்த பஞ்சம். பஞ்சமெண்டால் மழை இல்லாமல் வந்ததில்லை. விளைஞ்ச தானியத்தை அரசாங்கம் வீடு வீடாய்ப் புகுந்து அள்ளிக்கொண்டு போக, விதைச்ச சனம் பட்டினியிலை செத்தது. ஓரமெல்லாம் கீறி முடிச்சிருந்தார். வண்டில், சாக்கு, துவக்கோடை ஆமிக்காரர். நடுவிலை மட்டும் ஒண்டும் கீறாத வெறும் படச்சீலை.

"ஏன் நடுவிலை ஒண்டுமில்லை?" எண்டு கேட்டன்.

"என்ரை அம்மா அந்தப் பஞ்சத்திலை செத்தவ. நான் அப்ப வேற ஊரிலை. ஆர் பிரேதத்தை எடுத்தது, எங்கை கிடங்கு வெட்டித் தாட்டது ஒண்டும் தெரியாது. தெரியாததை எப்பிடிக் கீறுறது?"

அப்பதான் என்ரை அப்பாவைப் பற்றிச் சொன்னன். கொழும்பிலை சின்னச் சாப்பாட்டுக்கடை வைச்சிருந்தவர். தமிழற்றை வீடு, கடையெல்லாம் எரிச்ச எண்பத்திமூண்டாம் ஆண்டு ஆடிக்கலவரத்திலை அவரையும் கடையோடை சேத்துக் கொளுத்திப்போட்டாங்கள். உடம்பு கிடைக்கேல்லை. செத்தவீடு இல்லை, கொள்ளி இல்லை, சாம்பல் அள்ளுற காடாத்து இல்லை. ஊரிலை அம்மாவுக்குப் பொட்டை அழிக்கிறதோ விடுறதோ எண்டே தெரியேல்லை. எனக்கு எல்லாத்தையும்விடப் பெரிய குறை, அப்பாவுக்கு ஒரு வாய்க்கரிசி போடேல்லையே எண்டதுதான்.

அது என்னெண்டு கேட்டார். செத்தவையின்ரை வாயிலை கடைசியாய் ஒரு பிடி அரிசி போட்டுத்தான் அனுப்புவம், பசியோடை அனுப்பமாட்டம் எண்டு சொன்னன். கிழவன் எழும்பி நிண்டிட்டார். "செய்து காட்டு" எண்டார்.

குசினியிலை டெனிஷ்காரர் பாற்கஞ்சிக்குப் போடுற குண்டரிசி இருந்தது. கொண்டு வந்தார். ஒரு நீளப் பலகை வாங்கிலை கம்பளியைச் சுருட்டி ஆள் மாதிரி வைச்சார். எனக்கு முதல் சிரிப்பாய்த்தான் இருந்தது. எங்கடை வீட்டு வழக்கம், கையை வெளிப்பக்கமாய்த் திருப்பிப் பெருவிரல் பக்கத்தாலை அரிசியைச் சரிய விடுறது. கையைத் திருப்பினன். அவ்வளவுதான். அரிசி விழுற சத்தம் கேட்டவுடனை என்ரை வாய் தன்ரை பாட்டிலை "அப்பா" எண்டு கூப்பிட்டுது. குழறி அழுதன். சுருட்டின கம்பளிக்கு முன்னாலை, செருப்பைக் கழட்டிப்போட்டு, முழங்காலிலை இருந்து அழுதன். அவர் நிமிந்து பாராமல் கீறிக்கொண்டே இருந்தார். எனக்கு அது பிழையாய்த் தெரியேல்லை. அப்பாவுக்கு ஒரு ஆள் சாட்சி வைக்குது எண்டு நினைச்சன்.

போகேக்கை என்ரை கையைப் பிடிச்சுச் சொன்னார். "உன்ரை அப்பா என்ரை படத்திலை இருப்பார். அவற்றை கதையையும் நான் எல்லாருக்கும் சொல்லுவன்."

வீட்டை வந்து இவருக்குச் சொன்னன். அப்பா இவருக்குச் சொந்தத் தாய்மாமன். கொழும்பிலை முதல் வேலை குடுத்ததே மாமாதான். இவர் கண்ணைத் துடைச்சுக்கொண்டு, "எங்கையாவது ஒரு இடத்திலை மாமா இருக்கட்டும்" எண்டார். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. கல்லறையா, சாம்பலா, ஒண்டும் இல்லாத மனுசனுக்கு ஒரு படத்திலையாவது இடம். அம்மாவுக்கு அந்தப் படத்தைப் போட்டோ எடுத்து அனுப்பவேணும் எண்டு இருந்தன். பாத்தால் எண்டாலும் மனம் ஆறி, பொட்டை அழிப்பா எண்டு.

படம் முடியுமட்டும் ஒருத்தருக்கும் காட்டமாட்டன் எண்டிட்டார். நானும் கரைச்சல் குடுக்கேல்லை. கண்காட்சி நகர மண்டபத்திலை வைச்சினம். கோதாரி விழுந்த குளிர். இருந்த ஒரே ஒரு நல்ல சீலையைக் கட்டி, மேலாலை ஆரோ குடுத்த கோட்டைப் போட்டுக்கொண்டு இவரோடை போனன். ஜெர்மனியிலை இருந்தும் உக்ரைன் சனம் வந்திருந்தது. கோப்பி, கேக், பூச்செண்டு எண்டு ஒரே அமளி.

படத்துக்கு முன்னாலை போய் நிண்டன்.

நடுவிலை ஒரு பொம்பிளை முழங்காலிலை இருக்கிறாள். தலையிலை அவையின்ரை நாட்டுத் துண்டு, பூவேலைச் சட்டை. முன்னாலை எலும்பும் தோலுமாய்ச் செத்துக் கிடக்கிற ஒரு வெள்ளைக்காரக் கிழவி. அவளின்ரை வாயிலை அந்தப் பொம்பிளை தானியம் விடுறாள். அரிசி இல்லை, கோதுமை. ஆனால் கை என்ரை கை. வெளிப்பக்கமாய்த் திருப்பி, பெருவிரல் பக்கத்தாலை. சீ! உலகத்திலை எங்கடை வீட்டை விட்டால் ஆர் அப்பிடிப் போடுறது?

கிழவனைத் தேடிப் பிடிச்சன். "எங்கை அப்பா?" எண்டு கேட்டன்.

"உள்ளுக்கை இருக்கிறார். உனக்குத் தெரியும்தானே" எண்டார்.

"எனக்குத் தெரிஞ்சு என்ன? சொல்லுவன் எண்டு சொன்னனீங்கள்."

சுத்தவரப் பாத்திட்டு மெல்லமாய்ச் சொன்னார். "இஞ்சை உன்ரை நாட்டை ஆருக்குத் தெரியும்? என்ரை நாட்டையே தெரியாது. ரெண்டையும் சொன்னால் ஒண்டையும் நம்பாயினம்."

பிறகு மேடையிலை ஏறி டெனிஷிலை பேசினார். எல்லாரும் கேக்கிறமாதிரி, தெளிவாய். "கடைசித் தானியத்தைச் செத்தவைக்குக் குடுக்கிறது எங்கடை சனத்தின்ரை பழைய வழக்கம்" எண்டார். "என்ரை அம்மாவை அப்பிடித்தான் அனுப்பினது" எண்டார். என்ன துணிச்சல்! ஆர் எடுத்தது, எங்கை தாட்டது ஒண்டும் தெரியாது எண்டு என்னட்டைச் சொன்ன அதே வாய்.

முன் வரிசையிலை ஒரு உக்ரைன் கிழவி எழும்பினா. பஞ்சத்தைக் கண்ணாலை கண்ட மனுசி எண்டு சொன்னவை. அழுதுகொண்டு தன்ரை பாசையிலை என்னவோ சொல்ல, அவர் டெனிஷிலை திருப்பிச் சொன்னார். "தங்கடை ஊரிலையும் இப்பிடித்தான் செய்தவையாம். மறந்துபோனதாம், படத்தைப் பாக்க ஞாபகம் வருதாம்."

அந்த மனுசி பொய் சொல்லேல்லை, நம்பிச் சொன்னா. அதுதான் என்னைக் கொன்றுபோட்டுது. எங்கடை வீட்டு வழக்கம் என்ரை கண்ணுக்கு முன்னாலை இன்னொரு நாட்டின்ரை சரித்திரமாய்ப் போகுது. அப்பா ரெண்டாந்தரமும் இல்லாமல் போறார்.

எழும்பப் பாத்தன். இவர் என்ரை கோட்டைப் பிடிச்சு இழுத்தார். "இரும். உமக்கென்ன விசரே? இஞ்சை இருக்கலாமோ எண்டு எங்களுக்கு இன்னும் முடிவு வரேல்லை" எண்டார். கையைத் தட்டிப்போட்டு முன்னுக்குப் போனன்.

படத்தைக் காட்டி, "மின் ஃபார்" எண்டன். டெனிஷிலை எனக்குப் பிழையில்லாமல் வந்தது அதுதான். என்ரை அப்பா. இன்னும் எவ்வளவோ சொல்ல இருந்தது. கடை, நெருப்பு, அரிசி. தெரிஞ்ச சொல்லும் வரேல்லை. திரும்பவும் "மின் ஃபார், மின் ஃபார்" எண்டுதான் வந்தது.

எல்லாரும் கிழவனைப் பாத்தினம். கிழவன் என்னைப் பாத்தார். என்ன சொல்ல வந்தனான் எண்டு அந்தாளுக்கு வடிவாய்த் தெரியும். இறங்கி வந்து என்ரை தோளிலை கை போட்டார்.

"இந்தப் படத்தைப் பாக்கத் தன்ரை சொந்த அப்பாவே செத்தமாதிரி இருக்குதாம்" எண்டு சனத்துக்குச் சொன்னார். "பாருங்கோ, ஆசியாவிலை இருந்து வந்த ஒரு பிள்ளைக்கே எங்கடை துயரம் விளங்குது."

உக்ரைன் கிழவி ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதா. சனம் எழும்பி நிண்டு கைதட்டிச்சுது. அந்த மனுசியின்ரை தோளுக்கு மேலாலை இவரைத் தேடினன். அந்த மண்டபத்திலை என்ரை அப்பாவைக் கண்ணாலை கண்ட ஒரே ஆள், அவற்றை கையாலை சோறு வாங்கித் திண்ட ஆள் இவர்தான்.

இவரும் எழும்பி நிண்டு கைதட்டிக்கொண்டிருந்தார்.